நோட்பேட்++ இல் பைதான் ஸ்கிரிப்ட் தவறான இடத்தைத் தேர்ந்தெடுத்தால்

விண்டோஸில் ஓடும் நோட்பேட்++ எடிட்டரில், பைதான் ஸ்கிரிப்டுகளை ஓட்டும் பைதான்ஸ்கிரிப்ட் பிளகினைப் போட்டுச் சின்னச் சின்ன வேலைகளை முடித்துக்கொள்பவர்களிடமிருந்து வரும் புகார் இரண்டு வகை. ஸ்கிரிப்டைச் சொடுக்கினால் எதுவுமே நடக்கவில்லை என்பது ஒன்று. நடக்கிறது, ஆனால் தேர்ந்தெடுத்த இடத்தில் நடக்கவில்லை என்பது மற்றது. இரண்டாவது வகையில் ஆங்கிலக் கோப்பில் பிசகில்லாமல் ஓடிய ஸ்கிரிப்ட், தமிழ்க் கோப்பில் பக்கத்துச் சொல்லைக் கடித்துத் துப்பும்.

முதல் வகை நிறுவலில் இருக்கும் கோளாறு, சீக்கிரம் தீரும். இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எடிட்டர் இடத்தைப் பைட்டில் (கணினி உரையைச் சேமிக்கும் சிறு அலகில்) எண்ணுகிறது, ஸ்கிரிப்ட் எழுதியவர் எழுத்தில் எண்ணுகிறார். அதனால் இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் அந்தக் கணக்கைப் பற்றியதுதான்.

கட்டளைப் பெயர்களை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் கொடுத்திருக்கிறோம். பிளகினின் கட்டளைப் பெட்டியான கன்சோலில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். இந்தப் பிளகினில் பெயரின் முதல் சொல் சிறிய எழுத்தில் தொடங்கும், அடுத்து வரும் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும், நடுவில் இடைவெளி வராது. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறினால் 'அட்ரிபியூட்எரர்' வரும். பாதிப் பேர் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான்.

பிளகின் ஏறியிருக்கிறதா

மெனுவில் கடைசியாக இருக்கும் கேள்விக்குறியைச் சொடுக்கி 'டீபக் இன்ஃபோ'வைத் திறங்கள். நோட்பேட்++ பதிப்பு எண், 32 பிட்டா 64 பிட்டா, எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது, எந்தெந்தப் பிளகின் எந்தப் பதிப்பில் ஏறியிருக்கிறது என்று எல்லாம் அங்கே இருக்கும். பைதான்ஸ்கிரிப்ட் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் ஸ்கிரிப்டைத் திருத்திப் பயனில்லை.

பட்டியலில் வராததற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு. 64 பிட் நோட்பேட்++ க்கு 32 பிட் பிளகினை இறக்கியிருப்பது ஒன்று. மற்றது ஃபோல்டர் பெயர். 7.6 பதிப்பிலிருந்து ஒவ்வொரு பிளகினும் 'பிளகின்ஸ்' ஃபோல்டருக்குள் தன் பெயரிலேயே ஒரு ஃபோல்டரில் இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் டிஎல்எல் கோப்பின் பெயரும் ஃபோல்டரின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜிப்பை வலது சொடுக்கி விரித்தால் விண்டோஸ் ஜிப்பின் முழுப் பெயரில், பதிப்பு எண்ணோடு, ஒரு ஃபோல்டரை உண்டாக்கி அதற்குள் எல்லாவற்றையும் போடும். அதை அப்படியே 'பிளகின்ஸ்'க்குள் இழுத்துப் போட்டால் நோட்பேட்++ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது, பிழைச் செய்தியும் தராது. கையால் போடுவதைவிடப் பிளகின்ஸ் மெனுவில் உள்ள 'பிளகின்ஸ் அட்மின்' வழியாகப் போடுவது நல்லது. பிட் பொருத்தத்தையும் ஃபோல்டரையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஏறியிருக்கிறது, ஆனால் தேர்வு விசைகள் வேறு மாதிரி நடந்துகொள்கின்றன என்றால் வேறொரு பிளகின் குறுக்கே நிற்கலாம். நோட்பேட்++ ஐ மூடிவிட்டு, கட்டளை வரியில் '-நோபிளகின்' என்ற விருப்பத்தோடு திறந்து பாருங்கள். அதில் 'பி' மட்டும் பெரிய எழுத்து. கோளாறு அப்போது மறைந்தால், பல இடத் தேர்வின் அம்புக்குறி விசைகளைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் பிளகின் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து ஒவ்வொன்றாக நீக்குங்கள்.

ஸ்கிரிப்ட் ஓடுகிறதா, எந்தப் பைதானில்

பிளகின்ஸ் > பைதான் ஸ்கிரிப்ட் > ஷோ கன்சோல். கன்சோல் திறந்ததும் பைதான் பதிப்பு எண்ணும், தொடங்க எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்பதும், 'ரெடி' என்ற சொல்லும் வரும். அந்தப் பதிப்பு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பைதான்ஸ்கிரிப்டின் 1, 2 வரிசைப் பதிப்புகள் பைதான் 2.7 இல் ஓடுபவை. 3 வரிசைதான் பைதான் 3. இந்த வித்தியாசம் தேர்வுக் கணக்கில் பெரிய விளைவை உண்டாக்கும், கீழே வருகிறது.

வழக்கமான அமைப்பில், கணினியில் தனியாக நிறுவிய பைதானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிளகின் தன் பைதானைத் தானே கொண்டுவருகிறது. 'பிப்' கொண்டு நிறுவிய தொகுப்பு கன்சோலில் 'மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்' தந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கன்சோலில் 'சிஸ்' தொகுப்பை இறக்கி, சிஸ்.பாத் என்னவென்று பாருங்கள். உங்கள் தொகுப்பு இருக்கும் ஃபோல்டர் அதில் இருக்காது.

உங்கள் ஸ்கிரிப்டுகள் இருக்க வேண்டிய இடம் 'ஆப்டேட்டா'வின் கீழ் நோட்பேட்++ > பிளகின்ஸ் > கான்ஃபிக் > பைதான்ஸ்கிரிப்ட் > ஸ்கிரிப்ட்ஸ். 'நியூ ஸ்கிரிப்ட்' என்று கொடுத்தால் அந்த ஃபோல்டரே திறக்கும். பிளகினோடு வந்த ஸ்கிரிப்டுகள் நிறுவல் ஃபோல்டரில் தனியாக இருக்கும். அவற்றைத் திருத்தாதீர்கள், அடுத்த மேம்படுத்தலில் போய்விடும். மெனுவில் உள்ள ஸ்கிரிப்டைத் திருத்தத் தேடி அலைய வேண்டியதில்லை, கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு அதன் பெயரைச் சொடுக்கினால் எடிட்டரில் திறக்கும்.

ஓடவில்லை என்று தோன்றும்போது முதல் வரியில் கன்சோல்.ரைட் கொண்டு ஒரு சொல்லை எழுதிப் பாருங்கள். 'பிரிண்ட்' வேண்டாம். அது எங்கே போய் விழும் என்பது 'ஸ்டார்ட்அப்' ஸ்கிரிப்டில் வெளியீடு எங்கே திருப்பப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. எடிட்டருக்குத் திருப்பியிருந்தால் உங்கள் சோதனைச் செய்தி திறந்திருக்கும் கோப்புக்குள்ளேயே கர்சர் நிற்கும் இடத்தில் விழும்.

இன்னும் மூன்று விஷயம், வேகமாக. ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் திறந்தவுடன் ஓட வேண்டுமென்றால் 'கான்ஃபிகரேஷன்' பெட்டியில் தொடக்க முறையை 'லேஸி'யிலிருந்து 'அட்ஸ்டார்ட்அப்'புக்கு மாற்ற வேண்டும். குறுக்குவிசை வைக்க, அதே பெட்டியில் ஸ்கிரிப்டை 'மெனு ஐட்டம்ஸ்' பட்டியலில் சேர்த்து, நோட்பேட்++ ஐ மூடித் திறந்த பிறகுதான் 'ஷார்ட்கட் மேப்பர்' அதைக் காட்டும். முடிவில்லாத சுழற்சியில் மாட்டிக்கொண்டால் பைதான் ஸ்கிரிப்ட் மெனுவில் 'ஸ்டாப் ஸ்கிரிப்ட்' இருக்கிறது, டாஸ்க் மேனேஜரைத் திறக்கத் தேவையில்லை.

மாறிகள் விஷயத்தில் ஒரு பொறி உண்டு. ஒரு ஸ்கிரிப்டில் வைத்த மாறிகள் அது முடிந்த பிறகும் உயிரோடு இருக்கும். அடுத்து ஓடும் ஸ்கிரிப்டும் கன்சோலும் அதே இடத்தைப் பார்க்கும். ஆகவே பெயரைத் தப்பாக அடித்த ஸ்கிரிப்ட், பழைய மாறியைப் பிடித்துக்கொண்டு இன்று ஓடும், நாளைக் காலை எடிட்டரைப் புதிதாகத் திறந்ததும் 'நேம்எரர்' என்று நிற்கும். எல்லாவற்றையும் ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இதே போல, உங்கள் ஸ்கிரிப்ட் இன்னொரு துணைக் கோப்பை இறக்கிப் பயன்படுத்தினால், அந்தத் துணைக் கோப்பில் செய்யும் திருத்தம் உடனே தெரியாது. 'இம்போர்ட்லிப்'பில் உள்ள ரீலோட் மூலம் மறுபடி ஏற்ற வேண்டும், அல்லது எடிட்டரை மூடித் திறக்க வேண்டும்.

திரையை இரண்டாகப் பிரித்து வேலை செய்பவர்களுக்கு: 'எடிட்டர்' என்பது எந்தப் பக்கம் கர்சர் இருக்கிறதோ அந்தப் பக்கம். குறிப்பிட்ட பக்கம் வேண்டுமென்றால் எடிட்டர்1, எடிட்டர்2 என்று எழுதுங்கள்.

தேர்வின் கணக்கு

நோட்பேட்++ இன் உள்ளே இருப்பது சிண்டில்லா என்ற எடிட்டர் கூறு. யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் முறை) கோப்பில் அது எல்லா இடங்களையும் பைட் எண்ணாகவே வைத்திருக்கிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். யூனிகோடின் தமிழ்ப் பகுதி 2944 முதல் 3071 வரையுள்ள குறியீடுகள். அவற்றில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்.

புதிய யூடிஎஃப்-8 கோப்பில் 'தமிழ்' என்று மட்டும் அடித்து, அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கன்சோலுக்குப் போங்கள். எடிட்டர்.கெட்செலெக்‌ஷன்எண்ட்() என்பதிலிருந்து எடிட்டர்.கெட்செலெக்‌ஷன்ஸ்டார்ட்() என்பதைக் கழித்தால் 15 வரும். எடிட்டர்.கெட்செல்டெக்ஸ்ட்() தரும் சொல்லின் நீளத்தை 'லென்' கொண்டு பார்த்தால், பைதான் 3 பதிப்பில் 5 வரும். கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள், ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 15. மூன்று, ஐந்து, பதினைந்து: எந்த எண்ணை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாக் கோளாறும்.

பைதான் 2.7 பதிப்பில் இதே சோதனையைச் செய்தால் நீளமும் 15 என்றே வரும். அங்கே சரம் என்பது பைட்டுகளின் வரிசை. அதனால் பழைய ஸ்கிரிப்டுகள் 'லென்' எண்ணை நேராகத் தேர்வு இடத்தோடு கூட்டியும் தப்பித்துவந்தன. 3 வரிசைக்கு மாறிய பிறகு, ஒரு வரியும் மாற்றாமலே, அவை தடம் புரளும். பிளகினை மேம்படுத்திய நாளிலிருந்து கோளாறு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஸ்கிரிப்ட் கெட்டுப்போவதும் இதே கதை. அந்தக் கோப்புகளில் ஒரு குறிக்கு ஒரு பைட்தான்.

தேர்வு எவ்வளவு தள்ளிப்போகிறது என்று அளந்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும்:

தேர்வு முன்னால் நின்றுவிடுகிறது, அந்த இடத்துக்கு முன் உள்ள ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் இரண்டு பைட் வீதம் குறைகிறது என்றால், எழுத்து எண்ணைப் பைட் எண்ணாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

வரிக்கு ஒன்று வீதம் பிசகுகிறது, முதல் வரியில் மட்டும் சரியாக இருக்கிறது என்றால், வரி முடிவுதான் காரணம். விண்டோஸ் கோப்பில் வரி முடிவு இரண்டு பைட். எங்கோ அதை ஒற்றைக் குறியாக்கி எண்ணியிருக்கிறீர்கள். கோப்பைப் பைதானின் 'ஓப்பன்' மூலம் படித்தால் இது தானாகவே நடக்கும்.

கோப்பு முழுக்க, எந்த வரியிலும், மாறாமல் மூன்று பைட் பிசகுகிறது என்றால் கோப்பின் தலையில் 'பாம்' என்ற குறி இருக்கிறது. வட்டில் உள்ள கோப்பில் அது மூன்று பைட். எடிட்டர் அதைத் தன் கணக்கில் சேர்ப்பதில்லை. வட்டிலிருந்து பைட்டாகப் படித்து இடம் கண்டுபிடித்து எடிட்டரில் தேர்வு வைத்தால் இப்படித்தான் ஆகும்.

பின்னிரண்டுக்கும் மருந்து ஒன்று. வட்டில் உள்ள கோப்பைப் படிக்காதீர்கள், எடிட்டர்.கெட்டெக்ஸ்ட்() தருவதையே பயன்படுத்துங்கள். சேமிக்காத திருத்தங்களும் அதில்தான் இருக்கும்.

முதலாவதுக்கு, எழுத்து எண்ணைப் பைட் எண்ணாக மாற்ற வேண்டும். சரத்தின் தொடக்கத்திலிருந்து அந்த எண் வரையுள்ள துண்டை எடுத்து, அதை யூடிஎஃப்-8 ஆக 'என்கோட்' செய்து, வந்ததன் நீளத்தைப் பாருங்கள். அதுதான் பைட் இடம். தேர்வுக்குள் தேடியிருந்தால் தேர்வின் தொடக்க இடத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். எடிட்டரிலேயே வழியும் உண்டு: எடிட்டர்.பொசிஷன்ரிலேட்டிவ் ஒரு பைட் இடத்தையும் எத்தனை குறியீடு நகர வேண்டும் என்பதையும் வாங்கிக்கொண்டு புதிய பைட் இடத்தைத் தரும். ஆனால் கோப்பின் எல்லையைத் தாண்டினால் அது பிழை சொல்லாமல் 0 தரும். அதைக் கவனிக்காத ஸ்கிரிப்ட் கோப்பின் முதல் எழுத்திலிருந்து தேர்ந்தெடுத்து அழிக்கும். மறுதிசைக்கு எடிட்டர்.கவுண்ட்கேரக்டர்ஸ்: இரண்டு பைட் இடங்களுக்கு நடுவே எத்தனை குறியீடுகள் என்று சொல்லும்.

தப்பான எண்ணைக் கொடுத்தும் சில நேரம் தேர்வு சரியாகவே தெரியும், அதுதான் ஏமாற்றுவது. பைட் இடம் ஒரு குறியீட்டின் நடுவில் விழுந்தால் சிண்டில்லா அதைத் திருத்திக்கொள்ளும் என்று நம்பக் கூடாது. 'டார்கெட்' எனப்படும் மாற்று எல்லையை வைத்து வேலை செய்யும்போதும் அப்படித்தான். மூன்று பைட்டில் ஒன்றை வெட்டிவிட்டால் அந்த இடத்தில் கறுப்புக் கட்டங்களாகப் பதினாறெண் குறிகள் வரும். அவற்றைக் கண்டால் உடனே கன்ட்ரோல்+இசட் அடியுங்கள். அந்த நிலையில் சேமிக்க வேண்டாம்.

தொடங்கும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம்: எடிட்டர்.கெட்கோட்பேஜ்() 65001 தர வேண்டும். வேறு எண் வந்தால் கோப்பு யூடிஎஃப்-8 இல் இல்லை, தமிழை எழுதினால் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும். என்கோடிங் மெனுவில் 'கன்வெர்ட் டு யூடிஎஃப்-8' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே வெறுமனே 'யூடிஎஃப்-8' என்று இருப்பது பைட்டுகளை மாற்றாது, இருக்கும் பைட்டுகளை வேறு விதமாகப் படிக்கும், அவ்வளவுதான்.

திசை

தேர்வுக்கு இரண்டு முனை: நங்கூரம் (இழுக்கத் தொடங்கிய இடம்), கர்சர் (இழுத்து முடித்த இடம்). வலமிருந்து இடமாக இழுத்துத் தேர்ந்தெடுத்தால் கர்சர் முன்னால், நங்கூரம் பின்னால். கெட்செலெக்‌ஷன்ஸ்டார்ட் எப்போதும் சிறிய எண்ணைத் தரும். கெட்ஆங்கரும் கெட்கரண்ட்பாஸும் திசையைப் பொறுத்து மாறும். 'ஒரு நாள் ஓடுகிறது, ஒரு நாள் ஓடவில்லை' என்ற புகாரில் ஸ்கிரிப்ட் நங்கூரத்தைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு வலை: எடிட்டர்.செட்செல் முதலில் நங்கூரத்தையும் பிறகு கர்சரையும் கேட்கும். எடிட்டர்.செட்செலெக்‌ஷனும் எடிட்டர்.ஆட்செலெக்‌ஷனும் முதலில் கர்சரைக் கேட்கும். பெயரில் சில எழுத்து வித்தியாசம், வரிசை தலைகீழ். யார் இப்படி வைத்தார்களோ தெரியாது, மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

பல தேர்வும் பத்தித் தேர்வும்

கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு பல இடங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கெட்செல்டெக்ஸ்ட் மூலம் படித்து எடிட்டர்.ரீபிளேஸ்செல் மூலம் திரும்ப எழுதும் ஸ்கிரிப்டை ஓட்டினால் என்ன ஆகும்? ரீபிளேஸ்செல் எல்லாத் தேர்வுகளையும் அழித்துவிட்டு, புதிய உரையை முதன்மைத் தேர்வின் இடத்தில் மட்டும் ஒரே தடவை எழுதும். மற்ற இடங்கள் காலி. திரையில் தெரியாத வரிகளிலும் தேர்வு இருந்திருந்தால் இழப்பு கண்ணில் படவே படாது. பல தேர்வு வரக்கூடிய ஸ்கிரிப்டில் ரீபிளேஸ்செல்லைத் தொடவே கூடாது என்பது எங்கள் கட்சி. மாற்று வழி:

1. எடிட்டர்.கெட்செலெக்‌ஷன்ஸ்() எத்தனை தேர்வு என்று சொல்லும். எதுவும் தேர்ந்தெடுக்காவிட்டாலும் இது 1 தரும், 0 வராது. காலியா என்று எடிட்டர்.கெட்செலெக்‌ஷன்எம்ப்டி() கொண்டு தனியாகப் பாருங்கள்.

2. ஒவ்வொன்றுக்கும் எடிட்டர்.கெட்செலெக்‌ஷன்என்ஸ்டார்ட், எடிட்டர்.கெட்செலெக்‌ஷன்என்எண்ட் மூலம் தொடக்கத்தையும் முடிவையும் எடுத்து ஒரு பட்டியலில் போடுங்கள். எதையும் மாற்றும் முன் முழுப் பட்டியலும் தயாராகிவிட வேண்டும்.

3. பட்டியலைத் தொடக்க எண்ணின்படி பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். தேர்வுகள் நீங்கள் சொடுக்கிய வரிசையில் இருக்கும், கோப்பின் வரிசையில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கீழிருந்து மேலாகப் போனால் ஒன்றை மாற்றியதால் மற்றவற்றின் இடம் நகராது. மேலிருந்து போனால் இரண்டாவது தேர்விலிருந்தே பிசகும்.

4. எடிட்டர்.பிகின்அண்டூஆக்‌ஷன்() கொடுத்துவிட்டு 'டிரை' தொடங்குங்கள். ஒவ்வொரு எல்லைக்கும் எடிட்டர்.கெட்டெக்ஸ்ட்ரேஞ்ச் மூலம் உரையைப் படித்து, மாற்றி, எடிட்டர்.செட்டார்கெட்ரேஞ்ச் மூலம் எல்லை வைத்து, எடிட்டர்.ரீபிளேஸ்டார்கெட் மூலம் எழுதுங்கள்.

5. எடிட்டர்.எண்ட்அண்டூஆக்‌ஷன்() 'ஃபைனலி'க்குள் இருக்கட்டும். நடுவில் பிழை வந்து இந்த வரி ஓடாமல் போனால் திரும்பப்பெறும் தொகுதி மூடாமலே கிடக்கும். அதன் பிறகு நீங்கள் அடிப்பதெல்லாம் அதிலேயே சேர்ந்து, ஒரு கன்ட்ரோல்+இசட் அரைமணி நேர வேலையை வாரிக்கொண்டு போகும்.

6. தேர்வுகளைத் திரும்ப வைக்க வேண்டுமென்றால், மேலிருந்து கீழாக ஒவ்வொரு மாற்றத்திலும் எத்தனை பைட் கூடியது அல்லது குறைந்தது என்று சேர்த்துக்கொண்டே வந்து புதிய இடங்களைக் கணக்கிடுங்கள். முதல் தேர்வுக்குச் செட்செலெக்‌ஷன், மற்றவற்றுக்கு ஆட்செலெக்‌ஷன். நீளத்தைப் பைட்டில் எடுக்க மறக்காதீர்கள்.

ஆல்ட்டை அழுத்தி மவுசை இழுக்கும் பத்தித் தேர்வும் உள்ளே இதே பல தேர்வுதான், வரிக்கு ஒன்று. அது பத்தித் தேர்வா என்று எடிட்டர்.செலெக்‌ஷன்ஈஸ்ரெக்டாங்கிள்() சொல்லும். குட்டையான வரிகளில் தேர்வு வரியின் முடிவைத் தாண்டி வெற்றிடத்தில் நிற்கும். ஸ்கிரிப்டுக்கு அது வரி முடிவிலேயே இருப்பதாகத்தான் தெரியும். நீங்கள் கையால் அடித்தால் எடிட்டர் நடுவில் இடைவெளிகளை நிரப்பிக்கொள்ளும், ஸ்கிரிப்ட் எழுதினால் நிரப்பாது. எவ்வளவு தாண்டியிருக்கிறது என்பதை எடிட்டர்.கெட்செலெக்‌ஷன்என்கேரட்வெர்ச்சுவல்ஸ்பேஸ் மூலம் கேட்டு, அத்தனை இடைவெளியை நீங்களே போட வேண்டும்.

தமிழ் உரையில் பத்தித் தேர்வைப் பற்றி ஒரு கறாரான அறிவுரை: வேண்டாம். கோரியர் நியூவிலோ கான்சோலாஸிலோ தமிழ் எழுத்து கிடையாது. விண்டோஸ் நிர்மலா யூஐ போன்ற வேறோர் எழுத்துருவை எடுத்துப் போடும். அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அகலம். பத்தித் தேர்வு திரையில் கிடைமட்ட இடத்தைப் பார்த்து வெட்டுவதால், ஒரு வரியில் நாலாவது எழுத்தும் அடுத்த வரியில் ஐந்தாவது எழுத்தும் மாட்டும். பிரிஃபரன்சஸில் டைரக்ட்ரைட்டை இயக்கினால் எழுத்து அழகாகத் தெரியலாம், அகலம் சமமாகாது. தமிழ் நெடுவரிசைகளை டேப் அல்லது காற்புள்ளி கொண்டு பிரித்து ஸ்கிரிப்டில் கையாளுங்கள்.

விசைப்பலகையில் பத்தித் தேர்வு ஆல்ட்+ஷிஃப்ட்+அம்புக்குறி. தமிழ் விசைப்பலகை சேர்த்திருக்கும் விண்டோஸில் ஆல்ட்+ஷிஃப்ட்தான் மொழி மாற்றும் விசையும். அம்புக்குறியை அழுத்தாமல் விரலை எடுத்துவிட்டால் மொழி மாறி நிற்கும், அடுத்து அடிக்கும் கட்டளை தமிழில் விழும். அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸில் 'இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ்' பெட்டியைத் திறந்து அந்த விசையை நீக்கிவிடுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் போதும்.

பாதி எழுத்து மாட்டிக்கொள்ளும்போது

கர்சர் குறியீடு குறியீடாக நகர்கிறது, எழுத்து எழுத்தாக அல்ல. 'கி' மேல் வலது அம்புக்குறியை இரண்டு முறை அழுத்த வேண்டியிருப்பது அதனால்தான். தேர்வு நடுவில் தொடங்கினால் ஸ்கிரிப்டுக்குக் கிடைக்கும் சரத்தின் முதல் குறி வெறும் இகரக் குறியாக, புள்ளி வட்டத்தோடு இருக்கும். முடிவில் வெட்டுப்பட்டால் 'க்' என்பதில் புள்ளி வெளியே நிற்கும்.

இதைத் தடுக்க, வேலையைத் தொடங்கும் முன் தேர்வின் இரண்டு ஓரங்களையும் சரிசெய்யுங்கள். தொடக்க இடத்தில் உள்ள குறியீட்டை எடுத்து 'யூனிகோட்டேட்டா' தொகுப்பின் கேட்டகரியைக் கேளுங்கள். விடை 'எம்' எழுத்தில் தொடங்கினால் அது ஒட்டுக்குறி, எடிட்டர்.பொசிஷன்பிஃபோர் மூலம் கோப்பின் தொடக்கத்தை நோக்கி ஒரு குறியீடு போங்கள். முடிவு இடத்தில் அடுத்து நிற்பது ஒட்டுக்குறியாக இருந்தால் எடிட்டர்.பொசிஷன்ஆஃப்டர் மூலம் கோப்பின் முடிவை நோக்கிப் போங்கள். ஒட்டுக்குறி இல்லாத இடம் வரும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். ஆய்த எழுத்து தனி எழுத்தாகவே வகைப்படுத்தப்பட்டிருப்பதால் அதனால் தொல்லை இல்லை. ஸ்ரீ, க்ஷ இரண்டும் நடுவில் புள்ளி கொண்டவை என்பதால் இந்தச் சோதனைக்குப் பிடிபடாது, அவை வரும் கோப்பானால் தனியாகப் பாருங்கள்.

இரட்டைச் சொடுக்கில் சொல் முழுதாகத் தேர்வாகாமல் நடுவில் நிற்கிறதா? அங்கே கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடுப்பான் இருக்கலாம். அதன் எண் 8204, சில தட்டச்சு மென்பொருள்கள் க், ஷ இரண்டுக்கும் நடுவில் அதைப் போடும். எடிட்டர் அதைச் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்வதில்லை. வலைப்பக்கங்களிலிருந்து ஒட்டிய உரையில் 8203, 160 எண் குறிகளும் வரும். தேர்ந்தெடுத்த சரத்தில் ஒவ்வொரு குறியின் 'ஆர்ட்' எண்ணையும் கன்சோலில் பட்டியலிட்டால் திருடன் மாட்டிக்கொள்வான்.

அந்தப் பட்டியலில் 'கொ' என்பதற்கு இரண்டு எண் வரலாம், மூன்றும் வரலாம். ககரத்தோடு 3018 வந்தால் ஒற்றைக் குறி. 3014, 3006 என்று இரண்டாக வந்தால் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காது. 'யூனிகோட்டேட்டா'வின் நார்மலைஸை 'என்எஃப்சி' வடிவத்தோடு ஓட்டினால் ஒன்றாகும். ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் அடித்திருந்தால் அதை எந்த நார்மலைஸும் சரிசெய்யாது. அது எழுத்துப் பிழை.

தேர்வுக்குள் ரெகெக்ஸ்

ரெகெக்ஸ் என்பது உரையில் ஒரு வடிவத்தைத் தேடும் முறை. பைதானில் அதற்கான 're' தொகுப்பை ஆங்கிலத்தில் பழகியவர்கள் சொல்லைப் பிடிக்கப் பின்சாய்வும் 'டபிள்யூ'வும் கூட்டல் குறியும் போடுவார்கள். தமிழில் அது தோற்கும். எண்ணெழுத்தாகக் கருதப்படுபவற்றை மட்டுமே அது பிடிக்கும், உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அதில் சேரா. 'தமிழ்' என்ற சொல்லில் 'தம' ஒரு சொல்லாகவும் 'ழ' இன்னொரு சொல்லாகவும் கிடைக்கும். சொல் எண்ணிக்கை இரண்டு மடங்காக வருகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். 2944 முதல் 3071 வரையுள்ள குறியீடுகளைச் சதுர அடைப்புக்குள் எல்லையாக வைத்து, 'சிஹெச்ஆர்' ஃபங்ஷன் மூலம் வடிவத்தை உருவாக்குங்கள். இணைப்புத் தடுப்பான் உள்ள உரையானால் 8204 ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடம் வேண்டும் என்பதற்காகத் தேடுகிறீர்கள் என்றால் பைதான் தொகுப்பைவிட எடிட்டர்.ரீசர்ச் நல்லது. அது எடிட்டருக்குள்ளேயே தேடுவதால் பொருத்தத்தின் எல்லைகளைப் பைட் இடமாகவே தரும், மாற்றும் வேலை மிச்சம். தொடக்க, முடிவு இடங்களையும் வாங்கிக்கொள்ளும் என்பதால் தேர்வின் எல்லையை அப்படியே கொடுத்துவிடலாம்.

தேர்வு மாறும்போதெல்லாம் ஓடும் ஸ்கிரிப்ட்

நிலைப்பட்டியில் எழுத்து எண்ணிக்கை காட்டுவது போன்ற வேலைகளுக்கு 'அப்டேட்யூஐ' அறிவிப்பில் கால்பேக் (அறிவிப்பு வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) வைப்பார்கள். அந்த அறிவிப்பு உருட்டினாலும் வரும், அடித்தாலும் வரும். உடன் வரும் 'அப்டேட்டட்' மதிப்பில் 2 என்ற பிட் இருந்தால் மட்டுமே தேர்வு மாறியிருக்க வாய்ப்பு. மற்றவற்றைத் தள்ளிவிட்டால் பெரிய கோப்பில் எடிட்டர் திணறாது.

திருத்தித் திருத்தி ஓட்டும்போது செய்தி இரண்டு முறை, மூன்று முறை வருகிறதா? ஒவ்வொரு ஓட்டத்திலும் புதிய கால்பேக் பதிவாகிறது, பழையதும் போகாமல் இருக்கிறது. பதிவுசெய்யும் வரிக்கு முன்னால் எடிட்டர்.கிளியர்கால்பேக்ஸ்() கொடுங்கள். அடைப்புக்குள் எதுவும் தராமல் கொடுத்தால் மற்ற ஸ்கிரிப்டுகள் வைத்தவையும் சேர்ந்து போய்விடும், ஆகவே சோதனை முடிந்ததும் உங்கள் ஃபங்ஷன் பெயரைக் கொடுத்து அதை மட்டும் நீக்கும்படி மாற்றிவிடுங்கள். 'மாடிஃபைடு' அறிவிப்புக்குள்ளிருந்து உரையை மாற்ற முயலாதீர்கள். மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு மாற்றத்தைச் சிண்டில்லா அனுமதிப்பதில்லை. செய்ய வேண்டியதை ஒரு மாறியில் குறித்துவைத்துவிட்டு, அடுத்து வரும் அப்டேட்யூஐ அறிவிப்பில் செய்யுங்கள்.